குற்றமற்றவர்களின் பயன்

இடிப்பதற்கு முன்னால் அளக்க வருகிறார்கள். மேற்குக் கரையில், இஸ்ரேலியர் ஒருவரைக் கொன்றதாகச் சொல்லப்படுபவனின் வீட்டுக்குச் சம்பவம் நடந்த சில நாட்களில், பெரும்பாலும் இரவில், படையினர் வருவார்கள். கூடவே பொறியாளர்களும் வருவார்கள். சுவரின் கனம், அறைகளின் நீள அகலம், எந்தத் தூண் எந்தத் தளத்தைத் தாங்குகிறது, பக்கத்து வீட்டுக்கும் இதற்கும் எவ்வளவு இடைவெளி என்றெல்லாம் குறித்துக்கொள்வார்கள். சுவரில் துளை போட்டுப் பார்ப்பதும் உண்டு. தாக்கியவன் அநேகமாக அந்த இடத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டிருப்பான். இல்லையென்றால் சிறையில் இருப்பான். வீட்டில் இருப்பவர்கள் அவனைப் பெற்றவர்கள், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள். அளந்துவிட்டுப் போன பிறகு ஆணை வரும். ஆட்சேபம் தெரிவிக்கச் சில நாள் அவகாசம், அப்புறம் உச்ச நீதிமன்றத்தில் மனு. அந்த மனுக்களில் பெரும்பாலானவை தள்ளுபடியாகியிருக்கின்றன. இடைப்பட்ட வாரங்களில் அந்த வீட்டில் எப்படி உலை வைப்பார்கள், பிள்ளைகளை எப்படித் தூங்க வைப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். என்னை விடாமல் அரிப்பது இடிப்பதைவிட இந்த அளப்பதுதான். ஆத்திரத்தில் நடக்கும் கொடுமையை நம் மனம் எப்படியோ ஒரு மூலையில் வைத்துப் புரிந்துகொண்டுவிடுகிறது. அளப்பதில் ஆத்திரம் இல்லை. பக்கத்து வீட்டுக்குச் சேதம் வரக்கூடாது. அடுக்குமாடி என்றால் அந்த ஒரு தளம் மட்டும் போகவேண்டும். வெடி வைக்க வழியில்லாத இடத்தில் உள்சுவர்களை மட்டும் உடைக்கலாம், அல்லது ஓர் அறையைக் கான்கிரீட் ஊற்றி அடைக்கலாம். அண்டை வீட்டார் குற்றமற்றவர்கள் என்பதற்காக எடுத்துக்கொள்ளப்படும் இவ்வளவு கவனம், அதே அளவு குற்றமற்ற ஒரு தாயின் வாசலில் வந்து நின்றுவிடுகிறது.

இஸ்ரேலின் உச்ச நீதிமன்றம் இதற்குப் பல பத்தாண்டுகளாக ஒரே பதிலைச் சொல்லி வருகிறது: இது தண்டனை இல்லை, இனிமேல் தாக்க நினைப்பவர்களை அஞ்சவைத்துத் தடுக்கும் நடவடிக்கை. அதற்கு ஆதாரம் 1945ஆம் ஆண்டின் பாதுகாப்பு அவசரநிலை விதிகளில் 119ஆம் விதி, பிரிட்டிஷார் எழுதிவைத்துவிட்டுப் போனது. தாக்கியவன் குடியிருந்த வீட்டையும் நிலத்தையும் பறிமுதல் செய்யவும் வீட்டை இடிக்கவும் படைத்தளபதிக்கு அது அதிகாரம் தருகிறது. தாக்கியவன்மீது தீர்ப்பு வந்திருக்க வேண்டும் என்பதில்லை. குடும்பத்துக்கு முன்பே தெரியுமா, உடந்தையா என்பதும் பொருட்டில்லை. தான் செய்யாத குற்றத்துக்காக எவரையும் தண்டிக்கக்கூடாது என்று 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கையின் 33ஆம் பிரிவு சொல்கிறது. கூட்டுத் தண்டனையைப் பெயர் சொல்லியே தடை செய்கிறது. தண்டனையே இல்லை என்று சொல்லிவிட்டால் அந்தப் பிரிவுக்கு வேலை இல்லாமல் போகிறது. நீதிமன்றத்தின் பதிலைச் சட்டச் சாமர்த்தியம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அதை அப்படியே ஒப்புக்கொண்டு யோசித்தால்தான் அதன் கொடுமை முழுதாகத் தெரிகிறது. ஒருவரைத் தண்டிப்பதென்றால் முதலில் குற்றம் சாட்டவேண்டும். குற்றம் சாட்டினால் மறுத்துப் பேச அவருக்கு வாய் உண்டு. செய்யவும் செய்யாதிருக்கவும் வல்ல ஒரு மனிதராகத் தண்டிக்கிறவன் அவரை ஏற்றுக்கொண்டாக வேண்டும். 119ஆம் விதியால் வீடிழக்கும் தாய்க்கு இது எதுவும் இல்லை. நீ ஒன்றும் செய்யவில்லை, எங்களுக்கும் தெரியும் என்று அரசு அவளிடம் சொல்லாமல் சொல்கிறது. அவள் வீடு இடிவது அவளை முன்னிட்டே இல்லை. எங்கோ வேறோர் ஊரில், இதுவரை எதையும் செய்துவிடாத ஓர் இளைஞன் அதைப் பார்க்கவேண்டும் என்பதற்காக.

அந்த இளைஞனைப் பற்றி இந்த ஏற்பாடு என்ன நம்புகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். அவன் சாகத் துணிந்தவன். துப்பாக்கியோ சிறையோ அவனைத் தடுக்காது. ஆனால் அவனுக்கு அம்மா இருக்கிறாள், அவள்மீது பாசம் இருக்கிறது. சாகும்போதும் அவள் தெருவில் நிற்பதை அவனால் தாங்கமுடியாது. இதுதான் நம்பிக்கை. வீட்டைப் பொருட்படுத்தாதவனிடம், பெற்றவர்களை வெறுக்கிறவனிடம் இது பலிக்காது. பாசமுள்ளவனிடம் மட்டுமே பலிக்கும். ஆகவே அந்தத் தாய் குற்றமற்றவள் என்பது இந்த நடவடிக்கையின் வருந்தத்தக்க பக்கவிளைவு ஆகாது, அதன் இயந்திரமே அதுதான். அவளும் உடந்தை என்றால் அவளைக் கைது செய்யலாம், விசாரிக்கலாம். அது வழக்கமான நீதியின் வேலை. மகனும் அதைத் தியாகம் என்று எண்ணி ஆறுதல் கொள்ளக்கூடும். ஒன்றும் அறியாதவளாக இருந்தால்தான் அவன் நெஞ்சு பதறும். அவள் எவ்வளவுக்கு எவ்வளவு குற்றமற்றவளோ அவ்வளவுக்கு அவ்வளவு பயன். சரி, இது பலிக்கிறதா? இரண்டாம் இன்டிஃபாதா என்ற பாலஸ்தீன எழுச்சியின்போது 600க்கும் மேற்பட்ட வீடுகள் இப்படி இடிக்கப்பட்டன. 2005இல் மேஜர் ஜெனரல் உடி ஷானி தலைமையிலான ராணுவக் குழுவே பயனைவிடக் கேடு அதிகம் என்று சொல்ல, பாதுகாப்பு அமைச்சர் ஷாவுல் மொஃபாஸ் இடிப்பதை நிறுத்தினார். 2014இல் மூன்று யூதப் பதின்வயதினர் கடத்திக் கொல்லப்பட்ட பிறகு அது பழையபடி தொடங்கிற்று. எஃப்ரைம் பென்மெலெக், க்ளாட் பெரெபி, எஸ்டெபான் க்ளோர் என்ற மூன்று பொருளியலாளர்கள் இன்டிஃபாதாக் காலத்துத் தரவுகளை ஆராய்ந்து வேறொன்றைச் சொன்னார்கள்: தாக்கியவர்களின் வீடுகளை இடித்ததும் தற்கொலைத் தாக்குதல்கள் குறைந்தன, ஆனால் அந்த விளைவு நாளாக ஆக, தூரம் கூடக்கூட மங்கிவிட்டது, ராணுவத் தேவை என்ற பெயரில் இடித்தபோதோ தாக்குதல்கள் அதிகரித்தன. கூட்டுத் தண்டனையை எதிர்ப்பவர்கள் பலரும் அது பயனற்றது என்ற வாதத்தில் போய்ச் சாய்ந்துகொள்கிறார்கள். எனக்கு அது பாதுகாப்பான இடமாகத் தெரியவில்லை. கொஞ்ச காலத்துக்கு, கொஞ்ச தூரத்துக்கு அது பலிக்கத்தான் செய்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த ஆய்வு அளந்து காட்டியது என்ன? பெற்றவர்கள்மீது பிள்ளைகளுக்கு இருந்த பாசத்தை அல்லவா?

இப்படிப் பார்க்கத் தொடங்கியபின் இரண்டு பக்கமும் செய்கிற பலவும் ஒரே வார்ப்பில் வந்தவையாகத் தெரிகின்றன. தாக்குதலில் இறந்த பாலஸ்தீனர்களின் உடல்களை இஸ்ரேல் குடும்பங்களிடம் கொடுக்காமல் வைத்திருக்கிறது. பெயரில்லாமல் எண் மட்டும் பொறித்த புதைகுழிகள் உண்டு. குளிர்பதன அறைகளில் கிடக்கும் உடல்களும் உண்டு. பேச்சுவார்த்தையில் பேரம் பேசுவதற்காக அப்படி வைத்திருக்கலாம் என்று 2019 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு ஒப்புக்கொண்டது. 2014 காஸா போரில் கொல்லப்பட்ட இரண்டு இஸ்ரேலிய வீரர்களின் உடல்களைப் பாலஸ்தீன ஆயுத இயக்கமான ஹமாஸ் பத்தாண்டுகளுக்கு மேல் கொடுக்காமல் வைத்திருந்தது. செத்துப்போனவனுக்கு இனி எந்தத் தண்டனையும் இல்லை. அவனைக் குளிப்பாட்டிக் கபனிட்டுப் புதைக்கவேண்டும், அவனுக்காகக் கதீஷ் என்ற யூத வேண்டுதலைச் சொல்லவேண்டும் என்று காத்திருப்பவர்களின் ஏக்கத்தைத்தான் இருவரும் கையில் வைத்திருக்கிறார்கள். 2011இல், ஹமாஸ் பிடித்துவைத்திருந்த கிலாத் ஷலித் என்ற ஒரே ஒரு வீரனுக்காக இஸ்ரேல் 1,027 கைதிகளை விடுவித்தது. தன் ஆள் ஒருவனைக்கூட விட்டுக்கொடுக்காத ஒரு சமூகத்தின் பற்று என்று அதைப் பார்த்தவர்கள் உண்டு; அந்தப் பற்றின் விலை இன்னது என்று குறித்துக்கொண்டவர்களும் உண்டு. அப்போது விடுதலையானவர்களில், பின்னாளில் காஸாவில் ஹமாஸின் தலைவரான யாஹ்யா சின்வாரும் ஒருவர். 2023 அக்டோபர் 7ஆம் தேதி ஹமாஸ் நடத்திய தாக்குதலில் காஸாவுக்குள் இழுத்துச் செல்லப்பட்ட 251 பேரில் ஒன்பது மாதக் குழந்தை இருந்தது, எண்பது கடந்த முதியவர்கள் இருந்தார்கள். படைவீரனைப் பிடித்துவைப்பதற்குப் போரின் கணக்கிலாவது ஏதோ பொருள் இருக்கிறது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறவனுக்கு அது யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யவில்லை என்பது நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் தூக்கினான்.

இந்த மண்ணில் இது புதிதாக முளைத்ததில்லை. 1936 ஜூனில், அரபுக் கிளர்ச்சியின்போது, பிரிட்டிஷார் யாஃபாவின் பழைய நகரில் 200க்கும் மேற்பட்ட கட்டடங்களை வெடிவைத்துத் தகர்த்துக் கடலை நோக்கி அகலப் பாதைகளை வெட்டினார்கள். வெளியேறச் சொல்லி முன்கூட்டியே விமானத்திலிருந்து துண்டறிக்கைகளைப் போட்டார்கள். நகரைச் சீர்படுத்துவதற்காக என்று காரணம் சொன்னார்கள். பாலஸ்தீனத்தின் அன்றைய தலைமை நீதிபதி மைக்கேல் மெக்டொனல், அது உண்மைக் காரணம் இல்லை, அதைச் சொல்லும் துணிவு அரசுக்கு இருந்திருக்கவேண்டும் என்று கடிந்துகொண்டார். பத்தாண்டு கழித்து அதே பிரிட்டிஷாரின் கை யூதர்கள் பக்கம் திரும்பிற்று. 1946 ஜூலையில் கிங் டேவிட் ஹோட்டலை யூத ஆயுதக் குழுவான இர்குன் தகர்த்து 91 பேர் செத்தபோது, ஜெனரல் எவலின் பார்க்கர் தன் படையினர் எவரும் யூதர்களின் கடைகளுக்கோ உணவகங்களுக்கோ வீடுகளுக்கோ போகக்கூடாது என்று ஆணையிட்டார். யூதர்களை அவர்களுடைய பணப்பையில் அடிப்பது அதன் நோக்கம் என்று எழுத்திலேயே சொன்னார். 1945ஆம் ஆண்டு விதிகள் வந்தவுடன் அவற்றை எதிர்த்து 1946 தொடக்கத்தில் டெல் அவீவில் யூத வழக்கறிஞர்கள் மாநாடு கூட்டினார்கள். அங்கே மிகக் கடுமையாகப் பேசியவர்களில் ஒருவர் யாக்கோவ் ஷிம்ஷோன் ஷபீரா. அவர் பின்னாளில் இஸ்ரேலின் முதல் தலைமைச் சட்ட அதிகாரி ஆனார். 1967இல் மேற்குக் கரையும் காஸாவும் கைப்பற்றப்பட்டு 119ஆம் விதி அங்கே வீடுகள்மீது பாயத் தொடங்கியபோது நீதி அமைச்சராகவும் அவரே இருந்தார். அந்த மாநாட்டில் அவர் பேசியது வேஷம் என்று நான் நினைக்கவில்லை. ஒரு கொடுமையை அனுபவத்தால் அறிந்திருப்பது அதைச் செய்யாமலிருக்கப் போதுமான காரணமாவதில்லை என்பதுதான் என்னைக் கலங்கவைக்கிறது. 1938 நவம்பரில் பாரிஸில் ஒரு யூத இளைஞன் ஒரு ஜெர்மன் அதிகாரியைச் சுட்டதற்காக ஜெர்மனியின் யூதர்கள் அனைவர்மீதும் நூறு கோடி மார்க் அபராதம் விதிக்கப்பட்டது. அதையும் இஸ்ரேல் செய்வதையும் ஒரே தராசில் வைக்க நான் இதைச் சொல்லவில்லை. ஜெனீவாவில் 33ஆம் பிரிவை எழுதியவர்களின் நினைவில் அந்த ஆண்டுகள் இருந்தன என்பதற்காகவே சொல்கிறேன்.

சட்டத்துக்கு வெகுகாலம் முன்பே இந்த வழக்கு அந்த மண்ணின் வேதங்களில் நடந்து முடிந்திருக்கிறது. பிள்ளைகளுக்காகத் தகப்பனும் தகப்பனுக்காகப் பிள்ளைகளும் கொல்லப்படலாகாது என்கிறது உபாகமம். ஒருவர் பாரத்தை இன்னொருவர் சுமப்பதில்லை என்று குர்ஆன் பல இடங்களில் திரும்பத் திரும்பச் சொல்கிறது. இஸ்ரேலிய உச்ச நீதிமன்ற நீதிபதி மிஷாயேல் ஹெஷின் வீடு இடிப்பு வழக்குகளில் எழுதிய மாறுபட்ட தீர்ப்புகளில் இந்த விவிலிய மரபைத்தான் பற்றிக்கொண்டார். அவனவன் பாவம் அவனவனோடு என்றார். ஆனால் எனக்கு அதைவிட நெருக்கமாகப் படுவது ஆதியாகமத்தில் ஆபிரகாம் சோதோம் நகருக்காக இறைவனிடம் நடத்தும் பேரம். ஐம்பது நல்லவர்கள் இருந்தால் என்று தொடங்கி நாற்பத்தைந்து, நாற்பது, முப்பது, இருபது என்று இறங்கிப் பத்தில் நிற்கிறார். நல்லவர்களை மட்டும் விலக்கிவிட்டு மற்றவர்களை அழித்துக்கொள் என்று அவர் கேட்கவில்லை. அந்தப் பத்துப் பேருக்காக நகரம் முழுவதையும் விட்டுவிடு என்றுதான் கேட்கிறார். குற்றமற்றவர்களுக்கு அங்கேயும் ஒரு பயன் இருக்கிறது. அவர்கள் இருப்பதால் மற்றவர்களும் பிழைக்கிறார்கள். இங்கேயோ குற்றமற்றவர்கள் இருப்பதால்தான் அடிக்க ஓர் இடம் கிடைக்கிறது. அந்த ஆபிரகாமின் கல்லறை என்று யூதர்களும் முஸ்லிம்களும் வணங்கும் இடம் ஹெப்ரோனில் இருக்கிறது. 1994 பிப்ரவரி 25ஆம் தேதி, ரமலான் மாதத்து அதிகாலைத் தொழுகையில் குனிந்திருந்தவர்களை பரூக் கோல்ட்ஸ்டைன் என்ற குடியேறி அங்கே சுட்டான். 29 பேர் செத்தார்கள். அதன்பின் ஊரடங்கு போடப்பட்டது ஹெப்ரோனின் பாலஸ்தீனர்கள்மீது. கடைத்தெருவாக இருந்த ஷுஹதா தெரு அவர்களுடைய வண்டிகளுக்கு மூடப்பட்டது. பிற்பாடு அதன் பெரும்பகுதியில் அவர்கள் கால்நடையாகவும் போகமுடியாமல் ஆயிற்று. பிணத்தை எடுத்தவர்களே அடைபட்டார்கள். இதைத் தண்டனை என்று எவரும் சொல்லவில்லை, பாதுகாப்பு என்றார்கள். பாதுகாப்பு என்று சொன்னவர்கள் அதை நம்பியும் இருக்கலாம். அதற்காக அந்தத் தெருவின் கடைக்கதவுகள் திறந்துவிடப்போவதில்லை.

காஸாவுக்கு வந்தால் அளத்தல் வேறு வடிவம் கொள்கிறது. 2007இல் ஹமாஸ் அங்கே முழு அதிகாரத்துக்கு வந்த பிறகு இஸ்ரேல் காஸாவைப் பகைப் பிரதேசம் என்று அறிவித்து, உள்ளே போகும் சரக்கைக் கட்டுப்படுத்தியது. ஒரு மனிதருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 2,279 கலோரி தேவை என்று கணக்கிட்டு, உள்ளூரில் விளைவதைக் கழித்து, வாரம் ஐந்து நாள், நாளுக்கு 106 லாரி என்று 2008இல் அதிகாரிகள் ஓர் ஆவணம் தயாரித்தார்கள். கீஷா என்ற இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பு நீதிமன்றத்தில் போராடி 2012இல் அதை வெளியே கொண்டுவந்தது. அது வெறும் வரைவு, நடைமுறைப்படுத்தவில்லை என்று அரசு சொன்னது. பட்டினி வராமல் பார்த்துக்கொள்வதற்கான கணக்கு என்றும் சொன்னது. இருக்கட்டும். பதினைந்து லட்சம் பேரின் வயிற்றுக்கு வெளியிலிருந்து ஒரு கோடு போட முடிகிறது என்பதே எனக்குப் போதும். அந்த ஆண்டுகளில் எது போகலாம், எது போகக்கூடாது என்ற பட்டியலும் இருந்தது. லவங்கப்பட்டை போகலாம், கொத்தமல்லி போகக்கூடாது. சீரகம், ஏலக்காய், இஞ்சி, ஜாம், சாக்லேட் எதுவும் கூடாது. காஸாவின் சமையலில் ஸிப்தியா என்ற மண்சட்டியில் பச்சைமிளகாயையும் பூண்டையும் நசுக்குவார்கள். முலூகிய்யாக் கீரை கொதித்து இறங்கும் தறுவாயில் பூண்டையும் கொத்தமல்லியையும் எண்ணெயில் வதக்கிச் சுடச்சுட அதன் தலையில் கொட்டுவார்கள். அந்தச் சீறலும் மணமும் பக்கத்து வீடுவரை போகும். கொத்தமல்லியில் ராக்கெட் செய்யமுடியாது. தடை செய்தவர்களுக்கும் அது தெரியும். அந்த மணம் இல்லாத சமையலறையில் நிற்கும் பெண், இதற்கெல்லாம் ஹமாஸ்தான் காரணம் என்று முணுமுணுக்கத் தொடங்குவாள் என்று யாரோ எங்கோ எண்ணியிருக்கவேண்டும். அவள் அந்த அமைப்பை எதிர்ப்பவளாகவும் இருக்கலாம், ஆதரிப்பவளாகவும் இருக்கலாம், அரசியலே வேண்டாமென்று இருப்பவளாகவும் இருக்கலாம். எப்படி இருந்தாலும் சரிதான். 2010இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு இந்த முற்றுகையைக் கூட்டுத் தண்டனை என்று வெளிப்படையாகவே சொன்னது. அந்தக் குழு இப்படி வாய்திறப்பது அபூர்வம்.

அவர்கள் ஹமாஸுக்கு வாக்களித்தார்களே என்பது உடனே வரும் பதில். படித்தவர்கள், நல்லவர்கள் பலர் வாயிலிருந்தும் அந்த வாக்கியத்தைக் கேட்டாகிவிட்டது. 2006 ஜனவரியில் நடந்த தேர்தலில் ஹமாஸின் பட்டியலுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 44 சதவீத வாக்கு. அதன்பிறகு அங்கே நாடாளுமன்றத் தேர்தலே நடக்கவில்லை. 2023இல் காஸா மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள். அன்று முப்பத்தைந்து வயதாகாத எவரும் அந்தத் தேர்தலில் வாக்களித்திருக்க முடியாது. ஆனால் இந்தக் கணக்கில் நான் நின்றுவிட விரும்பவில்லை. நூற்றுக்கு நூறு பேர் வாக்களித்திருந்தால் மட்டும் ஆகுமா? அதே வாக்கியத்தை எதிர்ப்பக்கம் திருப்பிப் பாருங்கள். இஸ்ரேலில் எல்லோரும் ராணுவத்தில் பணியாற்றியவர்கள், அரசைத் தேர்ந்தெடுத்தவர்கள், வரி கட்டுகிறவர்கள். ஆகவே அங்கே குடிமக்கள் என்று எவரும் இல்லை. பேருந்துகளிலும் உணவகங்களிலும் குண்டு வெடித்த ஆண்டுகளில் சொல்லப்பட்ட நியாயம் இதுதான். அக்டோபர் 7ஆம் தேதி பேயேரி என்ற கிபுட்ஸில் (கூட்டுக் குடியிருப்பில்) கொல்லப்பட்டவர்களில் விவியன் சில்வர் என்ற 74 வயதுப் பெண்மணி இருந்தார். சமாதானத்துக்காகப் போராடும் பெண்கள் இயக்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவர்; சிகிச்சைக்காக வரும் காஸாவின் நோயாளிகளை எல்லையிலிருந்து இஸ்ரேலிய மருத்துவமனைகளுக்குக் காரில் அழைத்துச் சென்றுவந்தவர். அவர் நல்லவர் என்பதற்காக அவர் சாவு மற்றவர்களின் சாவைவிடப் பெரிய அநியாயம் என்று சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் நானும் தகுதி பார்த்துப் பிரிப்பவனாகிவிடுவேன். அந்தக் கிபுட்ஸில் அரபியரை வெறுத்த ஒருவர் இருந்திருந்தால் அவரையும் கொன்றிருக்கக்கூடாது. அன்று கொல்லப்பட்ட சுமார் 1,200 பேரில் யார் எப்படிப்பட்டவர் என்பது கொன்றவர்களுக்குத் தேவைப்படவில்லை.

இரண்டு நாள் கழித்து பாதுகாப்பு அமைச்சர் யோவ் காலன்ட் காஸாமீது முழு முற்றுகையை அறிவித்தார்: மின்சாரம் இல்லை, உணவு இல்லை, எரிபொருள் இல்லை. பணயக்கைதிகள் வீடு திரும்பும்வரை எதுவும் போகாது என்றார் எரிசக்தி அமைச்சர் இஸ்ரேல் காட்ஸ். அங்கே பொறுப்பு ஒரு தேசம் முழுவதற்கும் உண்டு என்றார் குடியரசுத் தலைவர் ஐசக் ஹெர்சோக். இவற்றில் காட்ஸ் சொன்னதைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். குழாயில் தண்ணீர் வரவேண்டுமானால் பணயக்கைதிகள் வரவேண்டும். குழாயடியில் குடத்தோடு நிற்கும் பத்து வயதுப் பெண் அவர்களை எங்கிருந்து கொண்டுவருவாள்? அவளால் முடியாது என்பது சொன்னவருக்கும் தெரியும். அவளுடைய தாகம் வேறொருவரிடம் போய்ப் பேசவேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு. அந்த வேறொருவர் சுரங்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவள் தாகத்தைக் காதில் வாங்காதவர் என்றால்? அவரும் அதே தாகத்தை உலகத்துக்குக் காட்டும் படமாக எண்ணிக்கொண்டிருப்பவர் என்றால்? ஹமாஸ் தன் மக்களுக்கு இழைத்த அநீதியில் இதுவும் ஒன்று என்று நினைக்கிறேன். 2025 மார்ச் 2ஆம் தேதியிலிருந்து ஏறத்தாழ பதினொரு வாரம் காஸாவுக்குள் ஒரு மூட்டை மாவுகூட விடப்படவில்லை. ஆகஸ்டில், ஐ.நா. அமைப்புகள் பங்குபெறும் உணவுப் பாதுகாப்புக் கண்காணிப்பு ஏற்பாடு, காஸா நகரப் பகுதியில் பஞ்சம் நிலவுவதாக உறுதி செய்தது. இஸ்ரேல் அதை மறுத்தது. பட்டினியைப் போர்முறையாகக் கையாண்டார்கள் என்பது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2024 நவம்பரில் நெதன்யாகுவுக்கும் காலன்டுக்கும் பிறப்பித்த பிடியாணைகளில் உள்ள குற்றச்சாட்டுகளில் ஒன்று. குண்டுவீச்சில் சாகிறவர்களைப் பற்றி வாதிட இன்னும் இடமிருக்கலாம்: அங்கே ஆயுதக் கிடங்கு இருந்தது, கீழே சுரங்கம் இருந்தது, குறி வேறு, செத்தவர்கள் இடையில் அகப்பட்டவர்கள் என்று. எத்தனை முறை சொன்னால் அது பொய்யாகும் என்பது தனிக் கேள்வி. பட்டினிக்கு அந்த வாதமும் கிடையாது. மாவைத் தடுத்தால் அது சாப்பிடுகிறவர்கள் எல்லோர் வயிற்றிலும்தான் விழும், முதலில் சின்ன வயிற்றில்.

எச்சரித்தோமே என்றும் சொல்லப்படுகிறது. 2023 அக்டோபர் 13ஆம் தேதி வடக்கு காஸாவின் பதினொரு லட்சம் பேரையும் 24 மணி நேரத்தில் தெற்கே போகச் சொன்னார்கள். தமிழில் இதை யோசிக்கும் எவருக்கும் நெட்டிமையாரின் புறநானூற்றுப் பாட்டு நினைவுக்கு வராமல் இருக்காது. பசுக்களும் பார்ப்பனரும் பெண்களும் பிணியாளரும் பிள்ளைப்பேறு இல்லாதவர்களும் அரண் தேடிப் போய்விடுங்கள், அம்பு விடப்போகிறோம் என்று முன்னறிவித்துப் போரிடும் பாண்டிய மன்னன் முதுகுடுமியின் அறத்தைப் புகழும் பாட்டு. அந்தப் பட்டியல் முழுமையானது இல்லை. வயலில் நிற்கும் உழவன் அதில் இல்லை. ஆனாலும் பிள்ளையில்லாதவர்களைச் சேர்த்த இடத்தில் நான் நின்றுவிடுவேன். இவன் செத்தால் இவன் குடி இவனோடு அற்றுப்போகும் என்ற கவலை போருக்கு முந்தைய கணத்தில் ஒருவனுக்கு வந்திருக்கிறது. காஸாவிலோ பாட்டன் முதல் பேரன்வரை ஒரே இரவில் போய்ப் பதிவேட்டிலிருந்தே நீங்கிவிட்ட குடும்பங்கள் உண்டு. எச்சரிக்கை அறமாவதற்கு ஒன்று தேவை: போய்ச் சேர அரண் இருக்கவேண்டும். தெற்கே போனவர்கள் கான் யூனிஸிலும் குண்டைக் கண்டார்கள், ராஃபாவுக்குப் போனார்கள், ராஃபாவிலிருந்தும் கிளப்பப்பட்டார்கள். போகமுடியாமல் தங்கிவிட்டவர்கள், அதாவது டயாலிசிஸ் நோயாளியும் பிரசவ வலிக்காரியும் பாயோடு கிடந்த கிழவியும், சொல்லியும் கேளாதவர்கள் ஆனார்கள். அம்பு எய்தவனின் பொறுப்பு நகரமுடியாதவள் தலையில் போய் ஏறிக்கொண்டது.

இனி எனக்கு விடை தெரியாத இடங்கள். 2014 ஜூலையில் எருசலேமில் பதினாறு வயதுப் பாலஸ்தீனச் சிறுவன் ஒருவனை யூதர்கள் மூவர் கடத்தி உயிரோடு எரித்தார்கள். அவன் பெற்றோர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள்: எங்கள் ஆட்களின் வீடுகளை இடிக்கிறீர்களே, எங்கள் மகனைக் கொன்றவர்களின் வீடுகளையும் இடியுங்கள். 2017இல் மனு தள்ளுபடியாயிற்று. காலம் கடந்துவிட்டது, யூதச் சமூகத்தில் அப்படி அஞ்சவைத்துத் தடுக்கவேண்டிய அளவுக்கு இத்தகைய குற்றங்கள் இல்லை என்பவை காரணங்கள். அந்தப் பெற்றோர் கேட்டதை நான் எதிர்க்கவேண்டும், எதிர்க்கிறேன். ஆனால் அவர்கள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல என்னால் ஆகாது. சட்டம் ஒரு கண்ணில் மட்டும் பார்ப்பதை அவர்கள் தங்கள் மகனின் பெயரால் கேட்டார்கள். அநீதி எல்லோருக்கும் சமமாக வேண்டும் என்று கேட்கும் நிலைக்கு அவர்களைக் கொண்டுவந்து நிறுத்தியது யார் என்ற கேள்வியைத் தாண்டி எனக்குப் போகத் தெரியவில்லை. 2020 ஆகஸ்டில் வேறொரு வழக்கில், கல்லெறிந்து ஒரு வீரனைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவனின் வீட்டை இடிக்கக்கூடாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. உள்ளே இருந்தவர்கள் அவன் மனைவியும் எட்டுப் பிள்ளைகளும். மூன்று நீதிபதிகளில் இருவர் ஒருபக்கம், ஒருவர் மறுபக்கம். ஒருவர் மனம் மாறியிருந்தால் எட்டுப் பிள்ளைகள் தெருவில். அந்த இருவரில் ஒருவரான மெனஹெம் மஸூஸ் அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றுவிட்டார்.

இன்னொன்று, எனக்கு நெருக்கமான சங்கடம். கூட்டாகத் தண்டிக்கக்கூடாது என்றால் கூட்டாகப் பொறுப்பே கிடையாதா? 1946இல் தத்துவ அறிஞர் கார்ல் யாஸ்பெர்ஸ் ஜெர்மானியர்களிடம் பேசியபோது குற்றம் வேறு, அரசியல் பொறுப்பு வேறு என்று பிரித்துக் காட்டினார். தன் பெயரால் நடந்ததற்கு ஒரு குடிமகன் ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவன், ஆனால் செய்யாத கொலைக்குக் கொலைகாரன் ஆகமாட்டான். எனக்கு இது சரியென்றே படுகிறது. படுவதால்தான் இஸ்ரேல்மீது பொருளாதார நெருக்குதல் வேண்டும் என்ற குரலோடு நிற்கிறேன். நின்றபடியே இராக்கை நினைத்துக்கொள்கிறேன்: 1990 முதல் 2003 வரை அந்த நாட்டின் மீதிருந்த தடைகள் சதாமைவிட அங்கிருந்த நோயாளிகளைத்தான் அதிகம் தொட்டன. ஆகவே ஒவ்வொரு தடையிடமும் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கிறேன்: இது பலிக்க ஒன்றும் செய்யாதவர்களின் வேதனை தேவைப்படுகிறதா? ஆயுதம் விற்காதே என்பதற்கு அது தேவைப்படவில்லை. ஆக்கிரமித்த நிலத்தில் விளைந்ததை வாங்காதே என்பதற்கும் தேவைப்படவில்லை. மருந்தைத் தடுத்தால் தேவைப்படுகிறது. பல்கலைக்கழகங்களைப் புறக்கணிப்பதில் தடுமாறுகிறேன். ஆயுத ஆய்வு நடக்கும் நிறுவனத்தோடு ஒப்பந்தம் வேண்டாம் என்பது தெளிவு. ஆனால் கலோரிக் கணக்கை வெளியே இழுத்துப்போட்ட கீஷாவும் அந்த நாட்டில்தான் இருக்கிறது. இடிபட்ட வீடுகளை ஒவ்வொன்றாக எண்ணி எழுதிவைத்த பெத்செலெம் என்ற மனித உரிமை அமைப்பும் அங்கேதான் இருக்கிறது. ஆயுதம் விற்காதே என்ற கோரிக்கையில் தயங்காமல் கையெழுத்திடுவேன். இன்ன நாட்டு ஆய்வாளரை அழைக்காதே என்று வரும் கடிதத்தில், அவர் யார், என்ன செய்தார் என்று கேட்காமல் கையெழுத்திட என்னால் முடியாது.